புள்ளி விழாத கீபோர்டு

பழைய சாமான் கடைக்காரர் அந்தக் கீபோர்டைத் தராசில் வைத்துவிட்டு முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சார் இது, கீபோர்டுக்குள்ள இரும்பு வச்சுக் கட்டியிருக்காங்களா? ரெண்டு கிலோவத் தாண்டுது." சேலம் செவ்வாய்பேட்டைச் சந்து ஒன்றில், எரிந்துபோன மோட்டார்களுக்கும் மூடி இல்லாத குக்கர்களுக்கும் நடுவில் கிடந்தது அது. நான் பிளாஸ்டிக் விலைக்குக் கேட்டேன். இரும்பு விலைக்குத்தான் தருவேன் என்று அவர் நின்றார். 300 ரூபாய்க்கு முடிந்தது. அடுத்தவனை ஏமாற்றிவிட்ட திருப்தி இருவர் முகத்திலும் இருந்தது.

அவர் சொன்னது ஒன்றும் தப்பில்லை. ஐபிஎம் மாடல் எம் வகைக் கீபோர்டு அது. உள்ளே முழு நீளத்துக்கும் லேசாக வளைந்த எஃகுத் தகடு ஒன்று உண்டு. முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் 1391401 என்ற பாக எண்ணும் 1990 என்ற வருஷமும் படிக்கும்படியாக இருந்தன. பழைய கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது இந்த லேபிளைத்தான். அடுத்தது, காதோரம் வைத்துக் குலுக்குவது. இதைக் குலுக்கியபோது உள்ளே கடுகு உருளுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அதற்கு அர்த்தம் தெரிந்திருந்தால் 200-க்குக் கேட்டிருப்பேன்.

மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் நம்ம ஊர் டிடிபி சென்டர்களில் டிவிஎஸ் கோல்டு நினைவுக்கு வரும். மாடல் எம் வேறு ஜாதி. 1985-இல் வந்தது. ஒவ்வொரு கீக்கு அடியிலும் சின்னச் சுருள் ஸ்பிரிங் ஒன்று நிற்கிறது. அழுத்த அழுத்தச் சுருங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க முடியாமல் பக்கவாட்டில் மடங்கிவிடுகிறது. ஸ்பிரிங்கின் காலில் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. ஸ்பிரிங் மடங்குகிற வேகத்தில் அந்தச் சுத்தியல் சாய்ந்து, கீழே உள்ள, மின்சாரம் கடத்தும் கோடுகள் ஓடும் மெம்ப்ரேன் தாளை அடிக்கிறது. எழுத்து விழுவதும், 'டக்' என்று கேட்பதும், விரலில் அந்த வெட்டு தெரிவதும் ஒரே நொடியில் நடக்கிற காரியம். இதை யோசித்த ஐபிஎம் பொறியாளர் பெயர் ரிச்சர்ட் ஹாரிஸ்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடக் கை பரபரத்தது. மூன்று நாள் அடக்கிக்கொண்டேன். முன்பு ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, எது எங்கே இருந்தது என்று தெரியாமல் அப்படியே மூட்டை கட்டிய அனுபவம் உண்டு. அதனால் இந்த முறை முதலில் பார்ப்பது மட்டும்தான் என்று முடிவு.

இருட்டு அறையில் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து இல்லாமல் பக்கவாட்டிலிருந்து கீகளைப் பாருங்கள். புதிய கீயின் தலை மணல் தாள் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். விரல் அதிகம் பட்ட கீ மட்டும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். எழுத்து அழிந்திருக்கிறதா என்று பார்ப்பதில் இந்த வகையில் பிரயோஜனமில்லை. சாயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கியிருப்பதால் 'ஏ' இன்னும் 'ஏ'யாகத்தான் இருக்கும்.

இங்கிலீஷ் அடித்த கீபோர்டு என்றால் 'ஈ' (E) முதலில் பளபளப்பாகும். இதில் 'ஈ' ஏறக்குறைய கன்னி கழியாமல் இருந்தது. பளபளத்தவை எஃப், ஜே, கே, ஹெச். எல்லாவற்றையும்விட அதிகமாக, எல்-லுக்குப் பக்கத்தில் இருக்கிற செமிகோலன்! நிரல் எழுதுகிறவர் யாராவது வைத்திருந்தாரோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அப்படியென்றால் அடைப்புக்குறி கீகளும் தேய்ந்திருக்க வேண்டுமே. அவை புதுசாக இருந்தன.

அப்புறம்தான் உறைத்தது. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர் முடித்தவன். 'யளனக' என்று பக்கம் பக்கமாக அடித்த விரல்கள். அந்த டைப்ரைட்டர் அமைப்பை ஒட்டிய பாமினி எழுத்துருவில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் (jkpo;) என்று வரிசையாகத் தட்டினால் 'தமிழ்' என்று வரும். ஜே என்பது த, கே என்பது ம, எஃப் என்பது க, ஹெச் என்பது துணைக்கால். செமிகோலன்தான் புள்ளி. தமிழில் எதை அடித்தாலும் இரண்டு மூன்று எழுத்துக்கு ஒரு புள்ளி வந்துகொண்டே இருக்கும். 'ஈ' என்பது ந. பெரும்பாலும் சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் மட்டுமே வருகிற எழுத்து. அது மற்றவை அளவுக்குத் தேயாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை.

தமிழ்99 என்ற இன்னொரு கீ அமைப்பில் அடித்திருந்தால் கதை மாறியிருக்கும். அதில் புள்ளி எஃப்-இல் இருக்கிறது, செமிகோலனில் ந. எஃப் இரண்டு முறையிலுமே தேயும், ஆகவே அது சாட்சி சொல்லாது. செமிகோலன்தான் காட்டிக் கொடுத்தது. போதாக்குறைக்கு ஸ்பேஸ் பாரில் வலது பாதி மட்டும் வழுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் இன்ஸ்டிடியூட்டிலும் வலது கட்டைவிரலால்தான் ஸ்பேஸ் தட்டப் பழக்கினார்கள். முறையாகப் பயின்ற, பாமினியில் அடித்த, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடித்த ஒருவர் இந்தக் கீபோர்டுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது வரை ஸ்க்ரூ திருகாமலே தெரிந்துவிட்டது.

நான்காம் நாள் கம்ப்யூட்டரில் மாட்டினேன். உருண்டை முனை பிஎஸ்/2 கேபிள். யுஎஸ்பி மாதிரி கம்ப்யூட்டர் ஓடும்போதே செருகக் கூடாது. அந்தப் போர்ட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, மதர்போர்டில் ஏதாவது கருகலாம். அணைத்துவிட்டுச் செருகி, பிறகு ஆன் செய்ய வேண்டும். மூன்று பச்சை விளக்கும் ஒரு முறை மின்னின. உயிர் இருக்கிறது. ஒவ்வொரு கீயையும் பத்துப் பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன். செமிகோலன் பத்துக்கு நான்கு தடவை விழவில்லை. அதன் அக்கம்பக்கத்தில் எல், பி இரண்டும் விழுந்தன, ஆனால் சத்தம் மந்தம். வெண்கலக் கிண்ணத்தில் துணி போட்டுத் தட்டியது மாதிரி.

கோளாறு எந்த வடிவத்தில் பரவியிருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும். மெம்ப்ரேன் தாளில் ஓடும் கடத்தும் கோடு ஒன்று அறுந்திருந்தால், அந்தக் கோட்டில் உள்ள கீகள் எல்லாம் மொத்தமாகப் படுத்துவிடும். அவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு கீ மட்டும் செத்திருந்தால் அதன் ஸ்பிரிங்கையோ சுத்தியலையோ சந்தேகிக்கலாம். ஓர் இடத்தைச் சுற்றி ஒன்று பலமாகவும் மற்றவை லேசாகவும் சொதப்பினால், அங்கே அடித்தளமே தளர்ந்துவிட்டது என்று பொருள். என்னுடையது மூன்றாவது வகை. அந்தக் கடுகுச் சத்தத்துக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது.

திறப்பதே ஒரு பாடு. பின்விளிம்பில் ஆழமான குழிகளுக்குள் நான்கு அறுகோண போல்ட்டுகள், 5.5 மி.மீ. சைஸ். நான் வாங்கிய நட் டிரைவரின் வாய் சரியாக இருந்தது, வெளிச்சுவர் தடித்திருந்ததால் குழிக்குள் இறங்கவில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் கிரைண்டரில் இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றிச் சுவரைத் தேய்த்துக் கொடுத்தார். பிறகு என்ன செய்கிறேன் என்று பார்க்க அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். மூடியைப் பின்பக்கமிருந்து தூக்க வேண்டும். முன்பக்கம் கொக்கிகள் மாட்டியிருக்கும், அங்கிருந்து நெம்பினால் உடையும். தூக்கியதும் கறுப்புப் பிளாஸ்டிக் மணிகள் பொலபொலவென்று கொட்டின. எண்ணினேன், 17.

இந்தக் கீபோர்டின் பெரிய பலவீனம் இதுதான். ஸ்பிரிங்குகள் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டிலிருந்து சின்னச் சின்னக் காம்புகள் நீண்டு, ரப்பர் விரிப்பு, மெம்ப்ரேன், எஃகுத் தகடு எல்லாவற்றையும் துளைத்து வெளியே வரும். தொழிற்சாலையில் அந்தக் காம்பு நுனிகளை உருக்கித் தலை கட்டிவிடுவார்கள், ரிவெட் மாதிரி. முப்பது வருஷத்தில் பிளாஸ்டிக் மொறுமொறுத்துத் தலை தெறித்துவிடும். தலை போன இடத்தில் தகடு பிடிப்பை விட்டு விலகும். சுத்தியல் அடித்தாலும் அடி மெம்ப்ரேனில் பலமாக இறங்காது. என்னுடையதில் போன பதினேழில் ஆறு செமிகோலனைச் சுற்றியே இருந்தன. சந்தேகம் தீர, தகட்டை அந்த இடத்தில் அடியிலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீயைத் தட்டினேன். பத்துக்குப் பத்து. மூடியைத் திறந்ததும், மற்றதைப் பிரிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தால் ஒரு வாரம் மிச்சம்.

ஸ்பிரிங்தான் தேய்ந்தது என்று நினைத்து அமெரிக்காவிலிருந்து உதிரி வரவழைக்க இருந்தேன். 1996-இலிருந்து கென்டக்கியில் யூனிகாம்ப் என்ற கம்பெனி இதே வகைக் கீபோர்டுகளைச் செய்து வருகிறது, உதிரியும் கிடைக்கும். கப்பல் கூலியைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். நல்லவேளை, ஸ்பிரிங் நிரபராதி.

கீகளைக் கழற்றியபோது அடியில் இருந்ததை அழுக்கு என்று ஒரு வார்த்தையில் சொல்ல மனசு வரவில்லை. மேலே பேப்பர் தூசு. அதற்குக் கீழே மினுமினுவென்று தங்க நிறத் துகள், கல்யாணப் பத்திரிகையில் ஒட்டுகிற ஃபாயில். அதற்குக் கீழே காய்ந்து ஓடாகிப்போன சந்தனம், அதில் ஒட்டிய குங்குமம், மறுபடி தூசு, மறுபடி சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு படிவு. எஃப்9-க்கு அடியில் முழுசாக ஒரு பொரி. கொலுசு அண்ணன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எந்த வருஷத்துப் பொரியோ, நமத்துக்கூடப் போகல பாரு" என்றார்.

சுத்தம் செய்ய நான் முதலில் எடுத்தது பாத்திரம் கழுவும் லிக்விட். அண்ணன் தடுத்தார். கொலுசுக்குப் பளபளப்பு ஏற்ற அவர் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார். கீகளை அதில் ஒரு ராத்திரி போட்டு, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சந்தனக் கறை வந்துவிட்டது. குங்குமம் இரண்டு கீயில் இன்னும் லேசாக இருக்கிறது, இருக்கட்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். கீயின் உட்புறக் குழாயில் தண்ணீர் தேங்கும் என்பதால் நிழலில் ஒரு முழு நாள் காய வேண்டும்.

இடையில் ஒரு விளையாட்டு. கீ எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க முட்டை மிதக்கிற அளவுக்குத் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்தேன். முட்டையை எடுத்துவிட்டு, ஒரு மலிவான கீபோர்டின் கீயையும் இதன் கீயையும் போட்டேன். மலிவு மிதந்தது, அது ஏபிஎஸ். இது நேராக அடியில் போய் உட்கார்ந்தது, அது பிபிடி. முப்பது வருஷ விரலுக்கும் ஈடுகொடுத்தது அந்தப் பிளாஸ்டிக்தான். முட்டையை அம்மா ஆம்லெட் போட்டுவிட்டார்.

வெளிக்கூடு மஞ்சளித்திருந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்து வெளுக்கிற முறை ஒன்று உண்டு, சேலத்து வெயிலுக்குப் பிரமாதமாகவே வேலை செய்யும். நான் செய்யவில்லை. சீராகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும், வெளுத்தாலும் சில வருஷத்தில் மஞ்சள் திரும்பலாம். அதைவிட, முப்பது வருஷ மஞ்சளை எடுத்துவிட்டு நான் என்ன காட்டப் போகிறேன்? தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டையும் மட்டும் கூட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக்கே கரையும்.

பெரிய வேலை போல்ட் போடுவது. மீதி ரிவெட் தலைகளையும் சிற்றுளியால் சீவி எடுத்து, தகட்டைப் பிரித்து, காம்புகள் நின்ற இடத்திலெல்லாம் துளைபோட்டு, 2 மி.மீ. போல்ட்-நட்டால் கட்ட வேண்டும். இங்கேதான் என் வாழ்நாள் முட்டாள்தனங்களில் ஒன்றைச் செய்தேன். எஃகுத் தகட்டை எடுக்கும் முன் கீப்பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும், கவிழ்த்தேன். மெம்ப்ரேனையும் ரப்பர் விரிப்பையும் ஒழுங்காக எடுத்தேன். சுத்தியல்களும் ஸ்பிரிங்குகளும் குழிகளில் தளர்வாகப் படுத்திருந்தன. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று தட்டை அப்படியே கையில் தூக்கி நிமிர்த்தினேன். 101 ஸ்பிரிங்கும் மொசைக் தரையில் மழையாகப் பெய்தன.

வீட்டில் யாரையும் நடக்க விடவில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றித் தரை முழுக்க இழுத்ததில் 100 கிடைத்தது. ஒன்றைக் காணோம். மூன்றாம் நாள் பீரோ காலுக்குப் பின்னால் அகப்பட்டது. எல்லாம் ஒரே மாதிரி என்பதால் எது எங்கே என்ற குழப்பம் இல்லை. ஒன்றிரண்டு வளைந்திருந்தவற்றை ஸ்க்ரோல் லாக், பாஸ் மாதிரி யாரும் தொடாத கீகளுக்கு ஒதுக்கினேன்.

2 மி.மீ. போல்ட் சேலத்து ஹார்டுவேர் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றுக்குக் கீழே கேட்டால் சிரித்தார்கள். ட்ரோன் உதிரி விற்கிறவர்களிடம் ஆன்லைனில் 8 மி.மீ. நீளத்தில் வாங்கினேன். துளையை நானே வீட்டு டிரில் மெஷினால் போட்டேன். முதல் துளையே சாய்ந்து ஸ்பிரிங் குழிக்குள் புகுந்தது. அதோடு அண்ணனிடம் சரணடைந்தேன். கொலுசு வேலைக்கு அவர் வைத்திருக்கும் தொங்கும் மோட்டார் டிரில்லில் 1.6 மி.மீ. பிட்டை மாட்டி, முதலில் ஊசியால் ஒவ்வொரு காம்பு நடுவிலும் ஒரு குத்து, பிறகு துளை. வேகம் குறைவாக, அழுத்தமே கொடுக்காமல். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். "வெள்ளியும் இப்படித்தான், அவசரப்பட்டா இளகிரும்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். மெம்ப்ரேனைப் பார்த்து, "இந்தக் கோடெல்லாம் வெள்ளிதானே? உருக்கினா எவ்வளவு தேறும்?" என்றும் கேட்டார். தாளைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

துளைத் தூளை முழுக்கக் கழுவிக் காயவைத்த பிறகே சுத்தியல்களை அடுக்க வேண்டும். ஒரு துகள் சுத்தியலுக்கு அடியில் மாட்டினாலும் அந்தக் கீ பாதியில் நிற்கும். போல்ட்டுகளை நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி முடுக்க வேண்டும். தகடு வளைந்தது, ஓரத்தில் ஆரம்பித்தால் மறு ஓரம் எகிறும். எல்லாத் துளைக்கும் போடவில்லை, ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். முதலில் நன்றாக இறுக்கிவிட்டேன், இறுக்கினால் நல்லது என்ற நினைப்பில். பல கீ திரும்பி எழவே இல்லை. எல்லாவற்றையும் கால் சுற்று தளர்த்தியதும் குரல் திரும்பியது. ஆமாம், குரல்தான், காதால்தான் இதைச் சரி பார்க்க முடியும்.

கீகளைத் திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங் மேல்பக்கமாக, எஃப்1, எஃப்2 கீகளின் வரிசையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீ உட்காரும், 'டக்' வராது. கீபோர்டை ஸ்பேஸ் பார் மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்திக்கொண்டு மாட்டினால் ஸ்பிரிங் தன் எடையிலேயே சரியான பக்கம் சாய்ந்துவிடும். இது தெரிவதற்கு முன் இருபது கீயை இரண்டு தடவை மாட்டினேன்.

லேப்டாப்பில் இணைக்க, சின்ன பிஎஸ்/2-யுஎஸ்பி முனை ஒன்றைச் செருகிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட விழவில்லை. அந்த முனைக்குள் வெறும் கம்பிதான் இருக்கிறது, மொழிபெயர்க்க ஆளில்லை. உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். நான் புரோ மைக்ரோ என்ற சின்ன போர்டில் அந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்கிற நிரலை ஏற்றி, 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா, க்ளாக் என்று நான்கு கம்பியை மட்டும் பற்றவைத்தேன். இதில் விண்டோஸ் கீ கிடையாது என்பதால், கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

பழைய சாமான் கடைக்காரரிடம் மறுபடி போய், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அக்ரஹாரம் பக்கம் ஒரு பத்திரிகை அடிக்கிற பிரஸ், மூடிவிட்டார்கள், மொத்தமாக அள்ளிவந்தேன் என்றார். விசாரித்து விசாரித்து, அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த அக்காவைக் கண்டுபிடித்தேன். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கீபோர்டையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "ஐயோ, இதையா கண்ணு காசு குடுத்து வாங்கின? மொதலாளி சென்னை ரிச்சி தெருவுல பழைய கம்ப்யூட்டரோட சேத்து வாங்கிட்டு வந்தது. கடைசி நாலு வருஷம் இது என்னைய படுத்தின பாடு இருக்கே! புள்ளியே விழாது. ஒரு தடவ 'சுற்றமும் நட்பும்' பூரா புள்ளி இல்லாமப் போயி, ஐநூறு பத்திரிகை அடிச்சாச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து நின்னு பேசின பேச்சு..." என்று நிறுத்தினார். "அப்புறம் எப்படிச் சமாளிச்சீங்க?" என்றேன். "ரெண்டு தடவ தட்டிருவேன். ஒண்ணு விழுந்தாலும் சரி, ரெண்டும் விழுந்தாலும் சரி. ஒரு புள்ளி மேல இன்னொரு புள்ளி ஏறி உக்காந்துக்கும், பேப்பர்ல ஒண்ணாத்தான் தெரியும்."

செமிகோலன் மற்ற எல்லாக் கீயையும்விட ஏன் அவ்வளவு பளபளத்தது என்பதற்கு மீதிக் கணக்கும் அப்போதுதான் நேரானது.

யூனிகோடில் பாமினி அமைப்பை வைத்துக் கொடுத்தேன். அக்கா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் திரையில்தான், கீயைப் பார்க்கவே இல்லை. எம், கே, செமிகோலன். அந்த 'டக்' கேட்டதும் புருவம் உயர்ந்தது. ஆனாலும் சுண்டுவிரல் தன் பழக்கத்தை விடவில்லை, இன்னொரு தடவை தட்டியது. திரையில் 'அம்'முக்குப் பக்கத்தில் புள்ளிகளால் வரைந்த ஒரு காலி வட்டம், அதன் தலையில் அநாதையாக இரண்டாவது புள்ளி.

"இதென்ன கண்ணு, உருண்டையா?"

"ஒரு தடவ தட்டினா போதுங்க்கா, இப்ப விழுது."

"விழுது, தெரியுது. கை கேக்க மாட்டேங்குதே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரியை அடிக்க ஆரம்பித்தார். அதிலும் மூன்று உருண்டை.